ஆகஸ்டில் 2,000 பேர், பிப்ரவரியில் 700: தளம் எங்கே சறுக்கியது?

கேள்வி: நான்கு ஆண்டுகளாக மாடித்தோட்டம் பற்றி ஒரு தமிழ்த் தளம் நடத்துகிறேன். வேர்ட்பிரஸில் 340 கட்டுரைகள் இருக்கின்றன. போன ஆகஸ்டில் கூகுள் வழியாகத் தினமும் 2,000 பேர் வந்தார்கள். இந்தப் பிப்ரவரியில் 700 பேர்தான். வருகிறவர்களும் அரை நிமிடத்தில் போய்விடுகிறார்கள். வாரம் ஐந்து கட்டுரை எழுதிப் பார்த்தும் பயனில்லை. 25,000 ரூபாய் கொடுத்தால் 500 பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து என் தளத்துக்கு வரும் இணைப்பு) போட்டு மூன்றே மாதத்தில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவதாக தேடலில் தளங்களை மேலே ஏற்றித் தரும் ஒரு எஸ்இஓ ஏஜென்சி சொல்கிறது. கொடுக்கலாமா? கூகுள் தேடலில் தளத்தின் நிலையைக் காட்டும் சர்ச் கன்சோலில் இருந்து எடுத்த 16 மாதக் கோப்பை இணைத்திருக்கிறேன்.
— வாசகர், திண்டுக்கல்

பதில்: கொடுக்க வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், வாரம் ஐந்து கட்டுரை எழுதுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். 341-ஆவது கட்டுரையால் உங்கள் தளம் எழுந்துவிடாது. ஏற்கெனவே எழுதியதில் முப்பது பக்கங்களைச் சரியாகத் திருத்தினால் எழும்.

முதலில் கணக்கைச் சரிபார்ப்போம். ஆடிப்பட்டம் தேடி விதைக்கிறவர்கள் கூகுளிலும் ஆடியில்தான் தேடுவார்கள். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை விதை, வளர்ப்புப் பை, மண்கலவை என்று தேடுவோர் கூடுவதும், பட்டம் முடிந்ததும் குறைவதும் ஆண்டுதோறும் நடப்பதுதான். அதனால் ஆகஸ்டையும் பிப்ரவரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பயம்தான் மிஞ்சும். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவு தருவதே போன ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிட வசதியாக இருக்கிறது. தேதியைத் தட்டி, ‘ஒப்பிடு’ என்பதில் முந்தைய ஆண்டைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் கோப்பின்படி போன பிப்ரவரியில் தினசரி கிளிக் 950 அளவில் இருந்தது. ஆக, உண்மையான இழப்பு தினம் 250. வருத்தப்பட வேண்டிய இழப்புதான். தளமே மூழ்குகிறது என்று நினைக்க வேண்டியதில்லை.

அந்த 250 எப்படிப் போனது என்பதைக் கிளிக், இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் உங்கள் பக்கம் எத்தனை முறை தெரிந்தது), சராசரி இடம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் தெரியும். இம்ப்ரெஷன் குறைந்து, இடம் அப்படியே இருந்தால் தேடுகிற ஆட்களே குறைந்திருக்கிறார்கள். இடமே கீழே இறங்கியிருந்தால் உங்களைவிட நல்ல பக்கம் ஒன்று மேலே போயிருக்கிறது, அல்லது கூகுளின் கோர் அப்டேட் (தரவரிசை முறையில் செய்யும் பெரிய மாற்றம்) ஒன்றில் உங்கள் பக்கத்தின் மதிப்பு குறைந்திருக்கிறது. இடமும் இம்ப்ரெஷனும் மாறாமல் கிளிக் மட்டும் குறைந்திருந்தால் தேடல் பக்கத்தின் முகம் மாறிவிட்டது என்று அர்த்தம்: மேலே யூடியூப் காணொலிகள் வந்திருக்கும், அல்லது கூகுளே விடையைச் சுருக்கமாகச் சொல்லி முடித்திருக்கும். ‘கீரை எத்தனை நாளில் முளைக்கும்’ போன்ற ஒருவரிக் கேள்விப் பக்கங்களில் உங்களுக்கு நடந்திருப்பது இந்த மூன்றாவது. அந்தக் கிளிக்குகள் திரும்ப வருவது கடினம், அவற்றுக்காக உழைக்காதீர்கள். நோய், பூச்சி, உர அளவு பற்றிய பக்கங்கள் 5-ஆவது இடத்திலிருந்து 9, 11 என்று இறங்கியிருக்கின்றன. மீட்கக்கூடியவை இவைதான். இறக்கம் குறிப்பிட்ட ஒரு வாரத்தில் தொடங்கியிருந்தால், கூகுளின் தேடல் நிலைப் பலகையில் அந்த வாரம் கோர் அப்டேட் எதுவும் இருந்ததா என்று பாருங்கள். இருந்தால், அது முடிந்து ஒரு முழு வாரம் கழித்துத்தான் எண்களை எடை போட வேண்டும். நடுவில் பார்ப்பவை குழப்பும்.

இப்போது வேலைக்கு. சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கையில் கடைசி மூன்று மாதத்தை எடுத்து, சராசரி இடம் 5 முதல் 20 வரை உள்ள பக்கங்களை மட்டும் வடிகட்டி, இம்ப்ரெஷன் அதிகமானதிலிருந்து வரிசைப்படுத்துங்கள். முதல் மூன்று இடங்களில் இருப்பதைத் தொட வேண்டாம். 40-ஆவது இடத்தில் கிடப்பதைத் தூக்கி நிறுத்தவும் வேண்டாம். உங்கள் கோப்பில் 31 பக்கங்கள் தேறுகின்றன. வாரத்துக்கு மூன்று என்று எடுத்தால் மே தொடக்கத்துக்குள் முடித்துவிடலாம். கூகுள் அவற்றை மறுபடி படித்து எடை போட ஆடிக்கு முன் இரண்டு மாதம் மிச்சமிருக்கும்.

ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் தக்காளிப் பக்கத்தின் தலைப்பு: ‘தக்காளி செடி முழுமையான தகவல்கள் | பயன்கள் | நோய்கள் | பராமரிப்பு’. சர்ச் கன்சோலில் அந்தப் பக்கத்தைத் தட்டி, தேடல் சொற்கள் தாவலைத் திறந்தால், வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பது ஒன்றுதான்: இலை ஏன் சுருள்கிறது? பக்கம் தொடங்குவதோ, தக்காளி உலகெங்கும் விரும்பி உண்ணப்படும் காய் என்று. பிறகு தாயகம், வைட்டமின்கள், மூன்று விளம்பரங்கள். இலைச்சுருட்டல் வருவதற்குள் கைப்பேசியில் ஏழு திரை உருட்ட வேண்டியிருக்கிறது. கையில் வாடிய செடியோடு நிற்கிறவர் அவ்வளவு தூரம் வரமாட்டார். திரும்பிப் போய் அடுத்த முடிவைத் தொடுவார்.

அப்படித் திரும்பிப் போவதைக் கூகுள் கவனிக்குமா என்ற பழைய வாக்குவாதம் இப்போது பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. அமெரிக்க அரசு கூகுள்மீது தொடர்ந்த ஏகபோக வழக்கில் 2023 அக்டோபரில் சாட்சியம் சொன்ன கூகுள் துணைத் தலைவர் பாண்டு நாயக், தேடல் முடிவுகளில் மக்கள் எதைக் கிளிக் செய்கிறார்கள் என்ற 13 மாதத் தரவை நேவ்பூஸ்ட் என்ற அமைப்பு தரவரிசைக்குப் பயன்படுத்துவதை ஒப்புக்கொண்டார். ஆக, தரவரிசை, வாசகரைத் தக்கவைத்தல் என்று நீங்கள் கேட்ட இரண்டும் ஒரே வேலைதான்: வந்தவரின் காரியம் அந்தப் பக்கத்திலேயே முடிய வேண்டும்.

தலைப்பை இப்படி மாற்றுங்கள்: ‘தக்காளி செடி இலை சுருண்டால்: வெயிலா, வைரஸா? கண்டுபிடிப்பது எப்படி’. கைப்பேசியில் தலைப்பின் வால் வெட்டுப்படும். அதனால் தேடுகிறவரின் சொல் முதல் நான்கைந்து வார்த்தைகளுக்குள் வந்துவிட வேண்டும். முதல் பத்தி நேராக விடையைச் சொல்லட்டும். உதாரணமாக:

‘தக்காளி இலை சுருண்டால், எந்த இலை என்று முதலில் பாருங்கள். அடி இலைகள் மட்டும் மேல்நோக்கிச் சுருண்டு, பச்சை மாறாமல், தொட்டால் தடிப்பாக இருந்தால் வெயிலோ தண்ணீர்த் தட்டுப்பாடோ காரணமாக இருக்கலாம், செடி பிழைத்துக்கொள்ளும். நுனி இலைகள் சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, செடி வளராமல் குட்டையாக நின்றால் அது வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸ். அதற்கு மருந்து கிடையாது. செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்திவிட்டு, மற்றச் செடிகளுக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள்.’

இதற்குக் கீழே, உங்கள் மாடியிலேயே எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: வெயிலில் சுருண்ட இலை ஒன்று, வைரஸ் தாக்கிய இலை ஒன்று. இணையத்தில் எடுத்த படத்தை இருபது தளங்கள் போட்டிருக்கும். உங்களுடையது உங்களிடம் மட்டும்தான் இருக்கும். பிறகு தடுப்பு முறை, அளவோடு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கலப்பதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்புறம் நனையும்படி. அந்த அளவுகளை இப்போது வண்ணச் சுவரொட்டி போலப் படமாக்கி வைத்திருக்கிறீர்கள். அதை அழித்துவிட்டு எழுத்தாகத் தட்டச்சு செய்யுங்கள். படத்துக்குள் இருக்கும் தமிழை நம்பித் தேடுபொறி தரம் போடாது. பார்வையற்றவரின் திரைவாசிப்பானும் அதைப் படிக்காது. தாயகமும் வைட்டமினும் இந்தப் பக்கத்துக்கே வேண்டாம்.

பின்னூட்டங்களில் 60 கேள்விகள் பதிலில்லாமல் கிடக்கின்றன. ‘மிளகாய்லயும் இப்படித்தான் சுருளுது, அதே மருந்து அடிக்கலாமா?’ என்று நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். இதைவிட நல்ல துணைத்தலைப்பு எந்தக் கீவேர்டு கருவியிலும் கிடைக்காது. மிளகாயில் இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன் என்று இரண்டு வரி எழுதி, உங்கள் மிளகாய்ப் பக்கத்துக்கு அந்த இடத்திலேயே லிங்க் கொடுங்கள். பக்கத்தின் அடியில் ப்ளகின் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணைநிரல்) தானாகக் காட்டும் ‘தொடர்புடைய பதிவுகள்’ பட்டியலைவிட, கேள்வி எழும் வரியில் வைத்த ஒரு லிங்க் அதிகம் பேரை அழைத்துப்போகும்.

தக்காளிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. உங்கள் தளத்தில் தக்காளிக்கு ஐந்து கட்டுரைகள்; அதில் மூன்று இலை நோயைத் தொடுகின்றன. ஒரே தேடலுக்கு ஒரு வாரம் ஒன்றும் மறுவாரம் இன்னொன்றுமாகக் கூகுள் மாற்றி மாற்றிக் காட்டுகிறது. எதுவும் நிலைத்து நிற்கவில்லை. இதைக் கண்டுபிடிக்க, சர்ச் கன்சோலில் தேடல் சொல்லைத் தட்டிவிட்டுப் பக்கங்கள் தாவலுக்குப் போனால் போதும். அதிகக் கிளிக் வாங்கும் பக்கத்தை வைத்துக்கொண்டு, மற்ற இரண்டில் நல்ல பகுதி இருந்தால் அதில் சேர்த்துவிட்டு, பழைய முகவரிகளை 301 ரீடைரக்ட் (நிரந்தரத் திருப்பிவிடல்) போட்டு அதற்கே திருப்புங்கள். பதிவின் முகவரியை மாற்றினால் வேர்ட்பிரஸ் தானாகவே பழையதிலிருந்து திருப்பிவிடும். பதிவை நீக்கினால் அப்படிச் செய்யாது. அதற்குத் தனி ப்ளகின் வேண்டும். ரீடைரக்டைக் குறைந்தது ஓராண்டு எடுக்காதீர்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்புவது பலர் செய்யும் தவறு. அதைக் கூகுள் ‘பக்கம் இல்லை’ என்றே எடுத்துக்கொள்ளும்.

340-இல் ஓராண்டாக ஒரு கிளிக்கும் வாங்காதவை நிறைய இருக்கின்றன. ‘வெண்டைக்காயின் 10 நன்மைகள்’ வகைக் கட்டுரைகள் எல்லாம் எங்கேயும் கிடைக்கும். பயனுள்ள உள்ளடக்கம் என்ற பெயரில் கூகுள் 2022 ஆகஸ்டில் கொண்டுவந்த மதிப்பீட்டை 2024 மார்ச்சில் தன் மையத் தரவரிசையோடு இணைத்துவிட்டது. வெற்றுப் பக்கங்கள் மலிந்த தளத்தில் நல்ல பக்கங்களும் சேர்ந்து அடிவாங்கலாம். கிளிக் வாங்காத அந்தக் கட்டுரைகளுக்கு வெளியிலிருந்து லிங்க் இருந்தால் ஏற்ற பக்கத்தோடு இணையுங்கள், இல்லாவிட்டால் நீக்குங்கள். மனம் வராவிட்டால் நோஇண்டெக்ஸ் (தேடலில் காட்டாதே என்ற குறிப்பு) போட்டு வையுங்கள். ஒரே ஒரு பதிவுக்காக உருவான டேக் (குறிச்சொல்) பக்கங்கள் 200-க்கு மேல் இருக்கின்றன. அவற்றுக்குத் தயங்காமல் நோஇண்டெக்ஸ்.

தமிழ்த் தளங்களுக்கே உரிய ஒரு கோளாறையும் உங்கள் முகவரிகளில் பார்த்தேன். ஒவ்வொரு தமிழ்க் குறியும் முகவரியில் ஒன்பது குறிகளாக விரியும். புள்ளியும் கொம்பும்கூடத் தனிக்கணக்கு. ‘மாடித்தோட்டம்’ என்ற ஒற்றைச் சொல் 13 குறிகள், அதாவது 117 இடம். வேர்ட்பிரஸ் 200-இல் வெட்டிவிடும். அதனால்தான் உங்கள் முகவரிகள் இரண்டாவது சொல்லின் நடுவில் முறிந்து நிற்கின்றன. வாட்ஸ்ஆப்பில் பகிர்ந்தால் விழுக்காட்டுக் குறிகளின் மூட்டையாகத் தெரிகின்றன. தரவரிசையில் இதற்குப் பெரிய எடை இல்லை. ஆனால் அப்படிப்பட்ட லிங்க்கைத் தொடப் பலர் தயங்குவார்கள். இனி எழுதுபவற்றுக்கு ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொற்களில் குட்டையான முகவரி வையுங்கள். நன்றாக ஓடும் பழைய பக்கங்களின் முகவரியைத் தொடாதீர்கள்.

தேடுகிறவர்கள் ஒற்று போடுவதில்லை. ‘மாடி தோட்டம்’, ‘தக்காளி செடி’ என்று பிரித்துத்தான் அடிப்பார்கள். பலர் ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பார்கள். இவற்றுக்காக உங்கள் நடையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கட்டுரை முழுக்கச் சரியான தமிழில் இருக்கட்டும். தலைப்பிலோ துணைத்தலைப்பிலோ மக்கள் அடிக்கும் வடிவம் ஒருமுறை வந்தால் போதும். ‘சுருட்டை’, ‘சுருட்டல்’, ‘சுருள் நோய்’ மூன்றும் உங்கள் கோப்பில் தேடல் சொல்லாக வந்திருக்கின்றன. ஒரே பக்கத்தில் மூன்றையும் இயல்பாகப் புழங்க இடமிருக்கிறது.

வேகத்துக்குக் கூகுள் சொல்லும் அளவுகள் மூன்று: பெரிய உருப்படி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் (எல்சிபி), தொட்டால் 200 மில்லி வினாடிக்குள் அசைய வேண்டும் (2024 மார்ச் முதல் ஐஎன்பி), பக்கம் குதிப்பது 0.1-ஐத் தாண்டக் கூடாது (சிஎல்எஸ்). வருகைகளில் முக்கால்வாசியாவது இந்த அளவுக்குள் இருக்க வேண்டும். வேகம் மட்டுமே யாரையும் முதலிடத்தில் உட்காரவைக்காது. வேகச் சோதனையின் 98 மதிப்பெண்ணை 100 ஆக்க மூன்று நாள் செலவிடுவது வீண். உங்களுக்கோ எல்சிபி 5 வினாடிக்கு மேல். அது வாசகரை விரட்டும் அளவு. காரணம் படங்கள். கைப்பேசிக் கேமராவிலிருந்து 4,000 பிக்சல் அகலத்தில் அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள். 1,200 பிக்சலாகக் குறைத்து, வெப்பி (WebP) வடிவில், தரம் 75 முதல் 80-க்குள் சேமித்தால் பெரும்பாலும் 150 கேபிக்குள் அடங்கும். கட்டுரையின் முதல் படத்துக்கு லேஸி லோடிங் (படத்தைத் தள்ளிப்போட்டு இறக்குவது) இருக்கக் கூடாது. வேர்ட்பிரஸ் தானே அதைத் தவிர்க்கப் பார்க்கும். நீங்கள் கூடுதலாகப் போட்ட ப்ளகின்தான் எல்லாப் படத்தையும் தள்ளிப்போடுகிறது. அதை எடுத்துவிடுங்கள். தமிழ் எழுத்துருவை நான்கு தடிமன்களில் இறக்குகிறீர்கள், இரண்டு போதும். ஆண்ட்ராய்டில் நோட்டோ தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருப்பதால், எதையும் இறக்காமல் கருவியின் எழுத்துருவையே பயன்படுத்தினாலும் குறையில்லை.

பக்கம் குதிப்பது விளம்பரங்களால். வாசகர் படித்துக்கொண்டிருக்கும்போது மேலே கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரம் வந்து இறங்கி, வரியைக் கீழே தள்ளுகிறது. விளம்பரப் பெட்டிக்கு முன்கூட்டியே 280 பிக்சல் உயரம் ஒதுக்கிவிட்டால் பெருமளவு நிற்கும். முதல் விளம்பரம், விடை சொல்லும் பத்திக்குக் கீழேதான் வர வேண்டும். தானியங்கி விளம்பரங்களில் திரை முழுவதும் மறைப்பதை ஒரு மாதம் அணைத்துப் பாருங்கள். வருமானம் முதலில் கொஞ்சம் குறையலாம். ‘செய்திமடலில் சேருங்கள்’ என்று ஐந்தாவது வினாடியில் முகத்தில் வந்து நிற்கும் பெட்டியை அடியோடு எடுத்துவிடலாம். இன்னும் எதையுமே படிக்காதவர் எதை நம்பிச் சேருவார்?

அரை நிமிடத்தில் போய்விடுகிறார்கள் என்பதற்கு வருவோம். வருகைகளை அளக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இல் 10 வினாடிக்கு மேல் இருந்தாலோ இரண்டாவது பக்கம் போனாலோ அது ஈடுபாடுள்ள வருகை. வேப்பெண்ணெய் எத்தனை மில்லி என்று பார்க்க வந்தவர் 25 வினாடியில் பார்த்துவிட்டுப் போனால் அது வெற்றிதான். மொத்தத் தளத்தின் சராசரியைப் பார்ப்பதால் பயனில்லை. பக்கம் பக்கமாகப் பாருங்கள். படிக்க நான்கு நிமிடம் ஆகும் மண்கலவைக் கட்டுரையில் சராசரி 20 வினாடி என்றால் அங்கேதான் பழுது. ஸ்க்ரோல் எண்ணிக்கையை வைத்தும் தவறாக முடிவெடுக்காதீர்கள்: வாசகர் பக்கத்தின் 90 விழுக்காட்டைத் தொட்டால்தான் அது பதிவாகும். பாதிவரை படித்தவர் கணக்கிலேயே வரமாட்டார்.

மெட்டா கீவேர்டு (பக்கத்தின் குறியீட்டுக்குள் மறைவாக எழுதும் தேடல் சொற்கள்) நிரப்புவதை விட்டுவிடுங்கள். அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. எதையும் திருத்தாமல் தேதியை மட்டும் புதுப்பிப்பதும் உதவாது. கட்டுரை சரியாக இருக்கிறது என்று காட்டும் எஸ்இஓ ப்ளகினின் பச்சை விளக்கு ஆங்கிலச் சொற்கணக்கில் பழகியது. தமிழின் வேற்றுமை உருபுகள் அதற்குப் புரியாது, அது சொல்கிறதென்று ஒரே சொல்லைப் பத்து முறை எழுதாதீர்கள். 

இனி ஏஜென்சி. முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. 25,000 ரூபாய்க்கு 500 லிங்க் என்றால் ஒன்று 50 ரூபாய். அந்த விலைக்கு எந்த வேளாண் தளமும் உங்களைப் பரிந்துரைக்காது; யாரும் படிக்காத பின்னூட்டப் பெட்டிகளிலும் இதற்காகவே கட்டிய போலித் தளங்களிலும்தான் போடுவார்கள். கூகுளின் பெங்குவின் அப்டேட் (போலி லிங்க்குகளுக்கு எதிரான மாற்றம்) 2012-இல் வந்தபோது இத்தகைய லிங்க்குகளுக்காகத் தளங்கள் தண்டிக்கப்பட்டன. 2016-க்குப் பிறகு அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே அதிகம். அப்போது உங்களுக்குப் பணம் மட்டும்தான் நட்டம். மோசமானால் சர்ச் கன்சோலின் ‘மேனுவல் ஆக்‌ஷன்ஸ்’ பகுதியில், தளத்தைத் தண்டித்திருப்பதாகக் கூகுளின் நோட்டீஸ் வரும். அதிலிருந்து மீள மாதக்கணக்கில் ஆகலாம். லிங்க் வேண்டுமென்றால், யாராவது எடுத்துக்காட்ட நினைக்கும் ஒரு பக்கத்தை உருவாக்குங்கள். மாதவாரியாக எந்தக் காய்க்கு எந்தப் பட்டம், 12 அங்குலப் பையில் எத்தனை செடி, எத்தனை நாளில் அறுவடை என்று அச்சிடக்கூடிய ஒரே அட்டவணை போட்டால், பள்ளித் தோட்டம் நடத்தும் ஆசிரியர்களும் விதைக் குழுக்களும் தாங்களாகவே பகிர்வார்கள்.

திருத்தும் பக்கங்களுக்கு ஒரு ஷீட் போட்டுக்கொள்ளுங்கள்: பக்கம், திருத்திய தேதி, என்ன மாற்றினீர்கள், அன்றைய சராசரி இடம், 28 நாள் கிளிக். திருத்தியதும் சர்ச் கன்சோலில் முகவரியைக் கொடுத்து மறுபடி இண்டெக்ஸ் செய்யக் கேளுங்கள். ஒரு நாளைக்குச் சிலவற்றுக்குத்தான் இடம் தரும், வாரம் மூன்றுக்கு அது தாராளம். தளத்தின் தோற்ற வார்ப்புருவையும் (தீம்) தளம் இருக்கும் சர்வரையும் (ஹோஸ்டிங்) அதே மாதத்தில் மாற்றிவிடாதீர்கள், எது வேலை செய்தது என்று பிரித்தறிய முடியாமல் போகும். தக்காளி, மிளகாய், மண்கலவை மூன்றையும் முதல் வாரத்தில் முடித்துவிட்டு, ஆறாவது வாரம் அந்த மூன்று வரிகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். இடம் ஏறியும் கிளிக் ஏறவில்லை என்றால் தலைப்பைத் திருத்துங்கள். இடமே அசையவில்லை என்றால், அந்தத் தேடலுக்கு உங்களுக்கு மேலே இருக்கும் மூன்று பக்கங்களைக் கைப்பேசியில் திறந்து, உங்களிடம் இல்லாத எந்த விடை அங்கே இருக்கிறது என்று பாருங்கள்.